சர்காசம் என்னும் கட்டக்கோரை

கரீபியக் கடற்கரைகளில் பழுப்புப் பாசி மலைபோல் ஒதுங்கும் செய்தியைத் தமிழில் எழுதுவோர் அதை ஒருநாள் சர்காசம் என்கிறார்கள், மறுநாள் கடற்பாசி என்கிறார்கள், இன்னொரு நாள் கடற்களை என்கிறார்கள். படிப்பவருக்கு மூன்றும் வேறு வேறோ என்று தோன்றிவிடும்.

சர்காசம் போர்த்துக்கீசிய மாலுமிகள் தந்த சொல். அவர்கள் வாயில் அது ‘சர்காசு’. தண்டில் கொத்தாக நிற்கும் காற்றுக்குமிழ்கள் தங்கள் ஊர்த் திராட்சை ஒன்றை நினைவூட்டியதால் அப்படி அழைத்தார்கள் என்பது பரவலான விளக்கம். நிலத்தில் வளரும் ஒரு புதர்ச்செடியின் பெயரே கடலுக்குப் போனது என்பாரும் உண்டு. 1820இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் அகார்டு அதை இலத்தீன் வடிவில் பேரினப் பெயராக்கினார்; பேரினம் என்பது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி. 1492இல் கொலம்பஸின் கப்பல்கள் கடந்துபோன சர்காசோ கடலுக்கும் பெயர் இதிலிருந்துதான். வட அத்திலாந்திக்கில், நாற்புறமும் நீரோட்டங்களே எல்லையான, கரையே இல்லாத கடல் அது.

அந்தக் கடலோடு பெரும்பாலும் அடங்கியிருந்த மிதக்கும் பாசி, 2011இல் கரீபியத் தீவுகளிலும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலும் முன்பு காணாத அளவில் வந்து குவிந்தது. செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த தெற்கு புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கட்டுரை, 2018 ஜூனில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை 8,850 கிலோமீட்டருக்கு ஒரு பட்டை நீண்டிருந்ததைக் காட்டியது. அதன் எடை 2 கோடி டன்னுக்கும் மேல். அந்த ஆண்டு பார்படோஸ் தேசிய நெருக்கடியே அறிவித்தது. அமேசான் ஆறு கொண்டுவரும் உரச்சத்தா, ஆழத்திலிருந்து மேலெழும் சத்து நீரா, மாறிய காற்றா, எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இந்தப் பெருக்கத்தை, ஆங்கிலத்தின் ‘புளூம்’ (bloom) என்ற சொல்லைப் பின்பற்றிப் ‘பாசிப் பூப்பு’, ‘பாசி மலர்ச்சி’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. உப்புப் பூக்கும், நெருப்பு நீறு பூக்கும். மேலே மெல்லப் படர்வதற்குத்தான் தமிழில் அந்த வினை. இதுவோ பூவும் விதையும் இல்லாமல், முறிந்த துண்டெல்லாம் தனிச் செடியாகிப் பெருகுவது. பாசிப்பெருக்கம் என்றால் போதும். கரைக்கு வந்து சேர்வதைச் சொல்ல ‘ஒதுங்குதல்’ என்ற அருமையான சொல் நம் கடற்கரையிலேயே இருக்கிறது.

பெயருக்கு வருவோம். கடற்பாசி பொதுப்பெயர், மளிகைக் கடையில் கேட்டால் இனிப்புச் செய்ய உதவும் வெண்ணிற இழைகளை எடுத்துத் தருவார்கள். கடற்களை என்பது ‘சீவீட்’ (seaweed) என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்த தீர்ப்பு. நடுக்கடலில் இந்தப் பாசி ஆமைக்குஞ்சுகளுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் ஒளிவிடம். கரையில் குவிந்து அழுகும்போதுதான் முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பி மூச்சை அடைக்கிறது. முட்டையிட வரும் ஆமைக்கு வழி மறிகிறது. இடம் மாறியதால் கேடானதை இயல்பிலேயே களை என்பது எப்படிப் பொருந்தும்?

மண்டபம், ராமேசுவரம் பகுதியில் பாசி எடுக்கும் பெண்கள் இதே பேரினத்துப் பாசிக்குக் கட்டக்கோரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, பக்கோடாப் பாசி என்று ஒவ்வொன்றையும் பிரித்தறியும் கண்கள் அவர்களுடையவை. கட்டக்கோரையின் ஒரு கிளையைக் கையில் எடுத்துப் பார்த்தால் பழுப்பு இலைகளுக்கிடையே பயறளவுக் குமிழ்கள். நகத்தால் அழுத்தினால் ‘பட்’டென்று வெடித்து உள்ளிருந்த காற்று போய்விடும். போர்த்துக்கீசியர் கண்ட திராட்சை இதுதான்.

ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. நம் கட்டக்கோரை பாறையைப் பற்றி வளர்வது. அத்திலாந்திக்கில் பெருகும் இரண்டு இனங்களும் வாழ்நாள் முழுக்க மிதப்பவை. ஆகவே பேரினத்துக்குக் கட்டக்கோரை என்றும், அவற்றுக்கு மிதவைக் கட்டக்கோரை என்றும் எழுதலாம். முதல்முறை மட்டும் சர்காசம் என்ற பெயரையும் பக்கத்தில் வைத்தால், தேடிப் படிப்பவருக்கு வழி கிடைக்கும்.