ட்ரோனுக்கு வீட்டில் செய்த ஆன்டெனா: தொலைவுக்கு முன்பு கவனிக்க வேண்டியவை

பழுதுபார்க்க என்னிடம் வரும் பொழுதுபோக்கு ட்ரோன்களில், ரிமோட்டின் ஆன்டெனாவை மாற்றிய பின் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தவையும் உண்டு. அவற்றின் பறத்தல் பதிவுகளை ஆராய்ந்தால், புதிய ஆன்டெனா வேலை செய்யாததால் விழுந்தவை குறைவு. அது நன்றாக வேலை செய்த திசையை விட்டு ட்ரோன் விலகியதால் விழுந்தவையே மிகுதி.

எந்த ஆன்டெனாவும் ஆற்றலைப் புதிதாக உண்டாக்குவதில்லை. ரிமோட்டுடன் வரும் சாதாரணக் குச்சி ஆன்டெனா தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரப்புகிற அலையை, 1926 முதல் அறியப்பட்ட யாகி-உடா போன்ற திசை ஆன்டெனா ஒரு பக்கமாகக் குவிக்கிறது. கெயின் என்று நாம் சொல்வது இந்தக் குவிப்பைத்தான். செம்புக் கம்பியை இரட்டைச் சதுரமாக வளைத்துத் தகட்டின் முன் பொருத்தும் பைகுவாட் ஆன்டெனா ஏறத்தாழ 10 டெசிபல் (மடங்குகளைக் குறிக்கும் அளவு; 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு) கெயின் தரும், ஆனால் அதன் கற்றை சுமார் 60 பாகைக்குள் அடங்கிவிடும். ட்ரோன் தலைக்கு மேலோ முதுகுப்புறமோ வந்துவிட்டால், பழைய குச்சியைவிடவும் மோசமான சிக்னலே கிடைக்கும்.

தடையற்ற வெளியில் தொலைவை இரட்டிப்பாக்க 6 டெசிபல், அதாவது நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும். அரும்பாடுபட்டுப் பெற்ற அந்த டெசிபல்கள் கேபிளிலேயே கரைவதைப் பலர் கவனிப்பதில்லை: ஆர்ஜி-58 வகைக் கேபிள், இத்தகைய ரிமோட்டுகள் பரவலாகப் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபலை விழுங்கிவிடும். அளவுகளிலும் இதே கண்டிப்பு தேவை. இந்த அதிர்வெண்ணில் கால் அலைநீளம் சுமார் 31 மில்லிமீட்டர்தான். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஒத்திசைவு, அதாவது ஆன்டெனா சிறப்பாக இயங்கும் அதிர்வெண், கிட்டத்தட்ட 80 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும், நமக்குள்ள பட்டையின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ். தனிக் குச்சி இதைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். யாகி தாங்காது, அலையை முன்னோக்கிக் குவிக்க முன்னால் நிற்கும் டைரக்டர் கம்பி நீண்டுவிட்டால், பின்னால் நிற்கும் ரிஃப்ளெக்டர் கம்பி போல நடந்து அலையைப் பின்னோக்கித் திருப்பத் தொடங்கும். ஆகவே, 2.4 கிகாஹெர்ட்ஸை எட்டும் அனலைசரில் (ஆன்டெனாவின் ஒத்திசைவை அளக்கும் கருவி) சோதிக்காத ஆன்டெனாவை நம்பி ட்ரோனைத் தொலைவுக்கு அனுப்பக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கனெக்டர் வாங்கும்போது, பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ வகைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கி இறுகிவிடும், நடு ஊசி மட்டும் இணையாது. அந்நிலையில் ரிமோட்டை இயக்குவது ஆன்டெனாவே இல்லாமல் இயக்குவதற்கு ஒப்பானது என்பதால் சிக்னலை வலுப்படுத்தும் அதன் பவர் ஆம்ப்ளிஃபையர் கெட்டுப்போகக்கூடும்.

சட்டமும் கெயினைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குரிய 100 மில்லிவாட் வரம்பு, ஆன்டெனாவின் கெயினையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. எனவே ஏற்கெனவே வரம்பைத் தொட்டுநிற்கும் ரிமோட்டில் திசை ஆன்டெனாவை மாட்டினாலே விதிமீறலாகிவிடும். அதோடு, பல நாடுகளின் விதிகள் பொழுதுபோக்கு ட்ரோன் கண்பார்வைக்குள்ளேயே பறக்க வேண்டும் என்கின்றன. பாட்டரியின் கொள்ளளவும் திரும்பும் வழியில் எதிர்க்காற்றும் எந்த ஆன்டெனாவாலும் மாறப்போவதில்லை.

என்னைக் கேட்டால், கிடைக்கும் கூடுதல் டெசிபல்களைத் தொலைவாக மாற்றாமல், வழக்கமான தொலைவிலேயே சிக்னலுக்கான பாதுகாப்பு இருப்பாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதற்கும் முன்பு, இருக்கிற குச்சி ஆன்டெனாவைச் சரியாகப் பிடிப்பதே பலருக்குப் போதுமானது: அதன் நுனி ட்ரோனை நோக்கினால் சிக்னல் மிகவும் குறையும், பக்கவாட்டு நோக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் பாதையின் நடுவில் அலைக்குச் சுமார் ஐந்தரை மீட்டர் ஆரத்துக்குத் தடையில்லா வெளி தேவைப்படுவதால், மரங்களுக்குப் பின்னால் நின்று ஆன்டெனாவை மாற்றுவதைவிட மேடான இடத்துக்கு நகர்ந்து நிற்பது பயனளிக்கும். எந்த மாற்றம் செய்தாலும், சுழலும் இறக்கைகளைக் கழற்றிவிட்டு ரிமோட்டை அணைத்து, சிக்னல் அறுந்தால் ட்ரோன் தானாகச் செய்ய வேண்டியதை வகுக்கும் ஃபெயில்சேஃப் நீங்கள் அமைத்தபடியே செயல்படுகிறதா என்று தரையிலேயே பார்த்துவிடுங்கள்.