கொல்லை எந்தப் பக்கம்?

போன மாசியில் வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மாவுக்கு நடைப்பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். வயது 78. ஐப்பசி மழையில் கோயில் வாசலில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆகி நாலு மாதம். மகனுக்குப் புனேயில் வேலை. அங்கேயே, ஆள் வைத்துக் குளிப்பாட்டி மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் முதியோர் குடியிருப்பு ஒன்றில் அம்மாவைச் சேர்ப்பதாக முடிவாகியிருந்தது. போனில் படங்களைக் காட்டினார். தோட்டம், பூஜை அறை, பெரிய கண்ணாடி ஜன்னல். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏந் தம்பி, அங்க கொல்லை எந்தப் பக்கம்?"

மகன் சிரித்துவிட்டார். "எல்லாம் ரூமுக்குள்ளேயே இருக்கும்மா." நானும்தான் சிரித்தேன். அது எவ்வளவு சரியான கேள்வி என்று எனக்கு உறைக்க இரண்டு மாதம் ஆயிற்று.

நான் பிசியோதெரபிஸ்ட். கும்பகோணத்திலிருந்து ஸ்கூட்டரில் பாபநாசம், நீடாமங்கலம், குடவாசல் என்று வீடு வீடாகப் போகிற ஆள். போகிற வீடுகளில் அடிக்கடி பார்ப்பது இதுதான்: திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று நீண்டு கிடக்கும் வீடு, உள்ளே ஒற்றை ஆள், பிள்ளைகள் பெங்களூரிலோ டெல்லியிலோ. அந்த அம்மா ஐம்பது வருஷமாக ராத்திரியில் விளக்குப் போடாமல் கொல்லைக்குப் போய்வந்தவர். கட்டிலில் இடது பக்கம் இறங்குவார். கை சுவரைத் தொடும். சுவர் முடிகிற இடத்தில் மரத்தூண். தூணிலிருந்து நாலு எட்டில் நிலைப்படி. கண்ணில் புரை வந்து, முட்டி தேய்ந்த பிறகும் இந்தப் பாதையில் அவர் தடுமாறியதில்லை. பழைய வீடு பாதுகாப்பானது என்று சொல்ல வரவில்லை. பாசி பிடித்த கிணற்றடிகள்தான் எனக்குப் பாதி நோயாளிகளை அனுப்பிவைக்கின்றன. ஆனால் வயதானவர்கள் கண்ணால் நடப்பதைவிடப் பழக்கத்தால் நடப்பது அதிகம். ஊர் மாற்றும்போது அந்தப் பழக்கம் ஒரே ராத்திரியில் செல்லாக்காசாகிவிடுகிறது.

பங்குனியில் கூட்டிப்போனார்கள். மூன்றாவது வாரம் விடியற்காலை இரண்டு மணிக்கு விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. "ராத்திரியில் சுவரைப் போட்டுத் தட்டுகிறார், மறதி நோய் ஆரம்பம் போலிருக்கிறது" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். மகன் பதறிப்போய்க் கூப்பிட்டார். அறையை வீடியோவில் காட்டச் சொன்னேன். கட்டிலின் இடது பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. கழிப்பறை வலது பக்கம். தூக்கக் கலக்கத்தில் அம்மா இடது பக்கம் திரும்பியிருக்கிறார், சுவர் இடித்திருக்கிறது, வழி தேடிக் கால்மாட்டுப் பக்கம் நகர்ந்து இறங்கியிருக்கிறார். கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னேன். கழிப்பறை வரைக்கும் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, ஆள் அசைந்தால் எரிகிற சின்ன விளக்கு. அவ்வளவுதான். அதற்கப்புறம் விழவில்லை, சுவரைத் தட்டவும் இல்லை.

அதனால் இப்போது இடம் மாற்றப் போகிற எந்தக் குடும்பத்திடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். இல்லத்தைப் பார்க்கப் போவதற்கு முன்னால் ஊருக்கு வந்து ஓர் இரவு அம்மா பக்கத்தில் படுங்கள். அவர் எழுந்தால் உதவாதீர்கள், விழாதபடி பின்னாலேயே போங்கள். எந்தப் பக்கம் இறங்குகிறார், எதைப் பிடிக்கிறார், சொம்பு எங்கே இருக்கிறது, செருப்பு போடுகிறாரா, எத்தனை தடவை எழுந்திருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். புது அறையை அந்தத் தாளைப் பார்த்து அமையுங்கள். பழைய போர்வை, தலையணை, அவர் கை பழகிய டம்ளர் எல்லாம் கூடவே போகட்டும்.

இன்னொரு விஷயம். போன இடத்தில் திடீரென்று, ஓரிரு நாளில், ஆள் மாறிப்போனால், அதாவது பகலில் தூங்கி ராத்திரியில் உளறினால், பிள்ளையையே யார் என்று கேட்டால், "இடம் மாறினதால அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். மறதி நோய் மெதுவாக வருவது. இப்படிச் சட்டென்று வரும் குழப்பத்தை மருத்துவர்கள் டெலிரியம் என்பார்கள். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, தண்ணீர் போதாமை, மலச்சிக்கல், புதிதாகக் கொடுத்த தூக்க மாத்திரை என்று பின்னால் ஏதாவது இருக்கும். பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டியது.

மாத்திரையிலும் ஒரு பொறி உண்டு. கும்பகோணம் டாக்டர் எழுதிய பிபி மாத்திரை ஒரு கம்பெனிப் பெயரில் இருக்கும். புது ஊர் டாக்டர் அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் எழுதுவார். பழைய அட்டையும் பையில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு தலைசுற்றி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்தின் மூலப்பெயரோடு (ஜெனரிக் பெயர்) ஒரு பட்டியல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய அட்டைகளை நீங்களே எடுத்துவிடுங்கள்.

எப்போது கூட்டிப்போவது? ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வேண்டாம், அது மட்டும் உறுதி. வடக்கே போவதென்றால் மார்கழி, தையும் வேண்டாம். புனேயில் ஜனவரி ராத்திரி 10 டிகிரி வரை இறங்கும். நம்ம ஊர் உடம்பு அதில் விறைத்துப்போகும். சம்பா அறுவடை முடிந்து குத்தகை நெல் வந்து சேர்ந்த பிறகு கிளம்பினால் அவர்கள் மனசும் பாதி அடங்கியிருக்கும். ரயிலென்றால் ஒரு நாளுக்கு மேல் ஆகும். கழிவறைக்கு எழுந்து போகவேண்டுமே என்று பயந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவார்கள். முன்னால் சொன்ன அந்தத் திடீர்க் குழப்பம் பாதி இந்தப் பயணத்திலேயே ஆரம்பிக்கிறது. திருச்சியிலிருந்து விமானம் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும்.

இல்லத்தை மதியத்தில் போய்ப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குப் போங்கள். எத்தனை பேருக்கு எத்தனை ஆள், அவர்கள் என்ன மொழி பேசுகிறார்கள் என்று பாருங்கள். பகலில் மேனேஜர் தமிழ் பேசுவது பெரிய விஷயமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு "தாகமா இருக்கு" என்றால் புரிந்துகொள்ள ஆள் வேண்டும். படுக்கையில் விழுந்துவிட்டால் வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா என்பதையும், முன்பணம் எப்போது திரும்பி வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். என்னைக் கேட்டால், மொழி தெரியாத நல்ல இல்லத்தைவிடத் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ உள்ள சுமாரான இல்லம் மேல். ஆனால் மாதாமாதம் வந்துபோக முடியாத பிள்ளையிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இங்கேயே சேர்ப்பதென்றால் சமூகநலத் துறையில் பதிவு செய்த இல்லமா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், "பத்து நாள் இருந்துட்டு வந்துடலாம்மா" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். பதினோராவது நாளிலிருந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், சோறும் இறங்காது. நிஜமாகவே ஒரு மாதம் மட்டும் தங்கிப் பார்க்க விடுவார்களா என்று இல்லத்தில் கேளுங்கள்; சில இடங்களில் விடுகிறார்கள்.

சொத்து விவகாரத்தில் நான் தலையிடுவதில்லை. ஆனால் பயிற்சி கொடுக்கும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே செட்டில்மென்ட் பத்திரம் பேசப்படுவதைக் கேட்டிருக்கிறேன். பெரியவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, பிறகு கவனிக்காமல் விட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். நிபந்தனை பத்திரத்திலேயே எழுதியிருந்தால் வழக்கு நிற்கும். விவரம் வேண்டுமானால் முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.

வீட்டை மட்டும் முதல் வருஷம் விற்காதீர்கள். அந்த அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டைத் திறந்து கூட்டி விளக்கேற்ற ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கிளம்பினார். மாதம் ஆயிரம் ரூபாய். "யாருமே இல்லாத வீட்டுக்கு எதுக்கு சார் விளக்கு?" என்று மகன் இன்னும் என்னிடம் குறைப்படுகிறார். ஆனால் ஒன்றாம் தேதியானால் அனுப்பிவிடுகிறார்.