செவனிங் உபகாரச் சம்பளம்: நம் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சனிக்கிழமை தவறாமல் இலவச வகுப்பு நடத்தும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அடையாள அட்டை இல்லாத குடும்பங்களைப் பதிவிலாகாவுக்கு அழைத்துச்சென்று நாள் முழுக்க உடன் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். பொதுச்சேவையில் நாட்டமுள்ள பட்டதாரிகளைத்தான் செவனிங் தேடுகிறது. ஆனால் பெயரைக் கேட்டதுமே, "அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு" என்று இவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். துணிந்து விண்ணப்பிக்கும் சிலரையும் ஒரு கடிதமோ ஒரு தேதியோ பெயரில் உள்ள ஓர் எழுத்தோ வீழ்த்திவிடுகிறது. அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

பிரிட்டிஷ் அரசு 1983 முதல் வழங்கிவரும் உதவி இது. பிரிட்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம், மாதச் செலவு, போய்வர விமான டிக்கெட் எல்லாம் கிடைக்கும். முனைவர் பட்டத்துக்கும் பகுதிநேரப் படிப்புக்கும் இணையவழிப் படிப்புக்கும் கிடையாது. கணவன், மனைவி, பிள்ளைகளை அழைத்துச்சென்றால் அந்தச் செலவு உங்களுடையது. படித்து முடித்ததும் நாடு திரும்பிக் குறைந்தது 2 ஆண்டுகள் இங்கே இருந்தாக வேண்டும். அங்கேயே தங்கி வேலை தேடலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

முதல் தடை குடியுரிமை. தகுதியுள்ள நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது விதி. சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகள்) இங்கேயே பிறந்து, இங்கேயே படித்துப் பட்டம் வாங்கியிருந்தாலும் மலேசியர் என்று விண்ணப்பிக்க முடியாது. "முதலில் அனுப்பிப் பார், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த நேரத்தையும் உழைப்பையும் குடியுரிமை விண்ணப்பத்தில் செலவிடுங்கள். எத்தனையோ ஆண்டுகளாகப் பதில் வராத கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கோப்பே இல்லாதவரைவிடக் கோப்பு உள்ளவருக்கு வழி உண்டு.

அடுத்தது வேலை அனுபவம். 2 ஆண்டுகள், அதாவது 2,800 மணி நேரம் கேட்கிறார்கள். வாரத்துக்கு 35 மணி, ஆண்டுக்கு 40 வாரம் என்பது கணக்கு. சம்பளம் இல்லாத தொண்டும் இதில் சேரும் என்பது பலருக்குத் தெரியவில்லை. அரசு சாரா அமைப்பில் பாதி நேரம் உழைத்தவர்கள், "எனக்கு முறையான வேலையே இல்லையே" என்று பின்வாங்கிவிடுகிறார்கள். பின்வாங்காதீர்கள், மணிக்கணக்கைக் கூட்டுங்கள். பட்டம் பெற்ற பிறகு செய்தவற்றை முதலில் கூட்டுங்கள். அதிலேயே 2,800 நிரம்பிவிட்டால் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

கணக்கு சரியாக இருந்தாலும் அதற்கான கடிதம் கிடைக்க வேண்டுமே! அலைச்சல் இங்கேதான் தொடங்கும். பழைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு, "வேலையை விட்டவர்களுக்குக் கடிதம் கொடுப்பதில்லை" என்று கைவிரிக்கும். தொண்டு அமைப்பில் செயலாளர் மாறியிருப்பார். புதியவருக்கு உங்களைத் தெரியாது. அதனால் வேலையை விடும் நாளிலேயே தேதியும் வாராந்தர மணிக்கணக்கும் குறிப்பிட்ட கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனமே மூடிவிட்டதா? இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கில் எந்த முதலாளி எந்த மாதம் பணம் செலுத்தினார் என்பது பதிவாகியிருக்கும். அந்த அறிக்கையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

பெயர்ச் சிக்கல் நமக்கே உரியது. அடையாள அட்டையில் 'எ/எல்' (இன்னாரின் மகன்) அல்லது 'எ/பி' (இன்னாரின் மகள்) இருக்கும், பட்டச் சான்றிதழில் இருக்காது. அப்பா பெயரில் ஓர் இடத்தில் ஓர் எழுத்து கூடியிருக்கும். விண்ணப்பத்தில் கடப்பிதழில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். எழுத்து மாறியிருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியப் பிரமாணம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 'பெசுருஹ்ஜாயா சும்பா' (சத்தியப் பிரமாண ஆணையர்) என்று பலகை தொங்கும் எந்த அலுவலகத்திலும் இதைச் செய்யலாம். பதிவிலாகாவில் பெயரைத் திருத்திக்கொண்டு வரலாம் என்று கிளம்பினால் அந்த ஆண்டு விண்ணப்பத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

பரிந்துரைக்கு இருவர் வேண்டும். உறவினரோ நண்பரோ கூடாது. இங்கே நம்மவர்கள் செய்யும் காரியம் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது: ஏதோ ஒரு கட்சித் தலைவரின் சேவை மையத்தில் காலையிலிருந்து காத்திருந்து, அவருடைய உதவியாளர் தட்டச்சு செய்த கடிதத்தை வாங்கிவருகிறார்கள். உங்களை அறியாதவர் கொடுக்கும் கடிதம், எவ்வளவு பெரிய முத்திரை இருந்தாலும், பயன் தராது. உங்கள் வேலையைக் கண்ணால் கண்ட விரிவுரையாளரும் மேற்பார்வையாளரும் போதும்.

செவனிங்குக்கு விண்ணப்பித்தால் பல்கலைக்கழக இடமும் தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் பலர். அப்படி இல்லை. மூன்று படிப்புகளை நீங்களே தேர்ந்தெடுத்து, பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அவற்றில் ஒன்றிலாவது நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் ஜூலைக்குள் கையில் இருக்க வேண்டும். "ஆங்கிலத் தேர்வு முடிவு வந்தால் சேர்த்துக்கொள்வோம்" என்பது நிபந்தனை. "இறுதிச் சான்றிதழ் அனுப்பு" என்பதும் நிபந்தனைதான். செவனிங் ஆங்கிலத் தேர்வு கேட்பதில்லை, பல்கலைக்கழகம் கேட்கும். தேர்வை முன்கூட்டியே எழுதுங்கள். நூலக அபராதமோ விடுதிப் பாக்கியோ இருந்தால் அதைச் சொல்லியே சான்றிதழை நிறுத்திவைக்கும் அலுவலகங்கள் உண்டு. சிறு தொகைக்காக ஓராண்டை இழக்காதீர்கள். கட்டிவிட்டு ரசீதை வாங்குங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் மற்ற அரசு ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. படிப்பு விடுப்புக்கான கடிதம் தலைமையாசிரியர் மேசையிலிருந்து மாவட்டக் கல்வி அலுவலகம், மாநிலக் கல்வி இலாகா என்று நகர்ந்து புத்ராஜெயா போய்ச் சேருவதற்குள் வகுப்பே தொடங்கிவிடும். தேர்வானபின் கேட்கலாம் என்று இருக்காதீர்கள். விண்ணப்பிக்கும்போதே எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் நகல் வைத்திருங்கள். முத்திரை இல்லாத கடிதத்தை, "வரவே இல்லை" என்று சொல்வது அவர்களுக்கு எளிது. ஜேபிஏ (பொதுச்சேவைத் துறை) உதவியில் படித்துச் சேவை ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் ஒத்திவைப்புக்கு அனுமதி பெற வேண்டும். பிடிபிடிஎன் (தேசிய உயர்கல்வி நிதி) கடன் இருப்பது செவனிங் தகுதியைக் கெடுக்காது. ஆனால் நீங்கள் மேற்படிப்புக்குப் போனதும் தவணை தானாக நின்றுவிடாது. ஒத்திவைக்கும்படி நீங்களே விண்ணப்பித்து, பதில் வந்ததா என்று பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

கட்டுரைக் கேள்விகள் தலைமைத்துவம், மற்றவர்களோடு சேர்ந்து இயங்கும் திறன், படிப்பைத் தேர்ந்த காரணம், எதிர்காலத் திட்டம் பற்றியவை. நம் பிள்ளைகள் அடக்கம் கருதி, 'எங்கள் குழு செய்தது' என்று எழுதிவிட்டுத் தம்மை மறைத்துக்கொள்கிறார்கள். அந்தக் குழுவில் நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் யாருக்கு என்ன மாறியது என்று எழுதுங்கள். கணினி எழுதித் தந்ததையும் பிறர் கட்டுரையையும் கண்டுபிடிக்கச் சோதனை செய்கிறார்கள். பணம் கொடுத்தால் எழுதித் தருகிறோம், இடம் வாங்கித் தருகிறோம் என்பவர்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். செவனிங் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, இடைத்தரகரும் இல்லை.

விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் திறந்து அக்டோபர் அல்லது நவம்பரில் மூடும். அந்த ஆண்டுக்கான தேதியைச் செவனிங்கின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் பாருங்கள். பகிரப்படும் படங்களில் பழைய தேதி இருக்கும். கடைசி நாள் என்றால் நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். மூடும் நேரம் உலகப் பொது நேரப்படி நண்பகல் 12 மணி, நமக்கு இரவு 8 மணி.