எதிரே வரும் பைக்கர் ஏன் தலையசைக்கிறார்?

"பைக் ஓட்டுபவர்கள் எல்லாம் ஒரே குடும்பம் என்கிறார்களே, நிஜமாகவே அப்படி ஒரு பந்தம் இருக்கிறதா, இல்லை வெறும் பந்தாவா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நெடுஞ்சாலையில் முன்பின் தெரியாத ஒருவர் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாராம்.

முதலில் அந்தத் தலையசைப்பைப் பார்த்துவிடுவோம். இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளில் எதிரே வருபவர் நமக்கு வலப்பக்கமாகக் கடந்து போகிறார். நம் வலக்கையோ ஆக்சிலரேட்டரில் மாட்டிக்கொண்டிருக்கிறது. விட்டால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே திருப்பிவிடும், வேகம் இறங்கிவிடும். முன் பிரேக்கும் அந்தக் கைக்குத்தான். இடக்கைக்குக் கியர் மாற்றும்போது கிளட்ச் பிடிப்பதைத் தவிரப் பெரிய வேலை இல்லை. ஆனால் அது இருப்பது மறுபக்கம், ஆட்டினாலும் சரியாகத் தெரியாது. மிச்சம் இருப்பது தலைதான். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் எதிரே வருபவர் இடப்புறம் கடப்பதால் இடக்கையைத் தாழ்வாக நீட்டிக் காட்டுவார்கள். பிரான்சில் வழிவிட்டவருக்கு நன்றி சொல்ல வலது காலையே வெளியே நீட்டுவார்கள். முந்தும்போது வழிவிட்டவர் வலப்பக்கம் இருக்கிறார், வலக்கைக்கு விடுமுறை கிடையாது, வேறு வழி? பின் பிரேக் அந்தக் காலுக்குத்தான் என்பதால் கொஞ்சம் துணிச்சலான நன்றிதான்.

எதைக் கொண்டு வணக்கம் சொல்வது என்பதை வண்டியின் அமைப்பு தீர்மானிக்கிறது. யாருக்குச் சொல்வது என்பதை மூளை தீர்மானிக்கிறது.

மனிதர்களைக் கூறுபோட எவ்வளவு அற்பமான காரணமும் போதும் என்பது பழைய செய்தி. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் பள்ளி மாணவர்களை வைத்துச் செய்து, 1970இல் வெளியிட்ட சோதனைகள் பிரசித்தம். உனக்குப் பிடித்தது கிளேயின் ஓவியமா, காண்டின்ஸ்கியின் ஓவியமா என்று கேட்டு இரண்டு குழுக்களாகப் பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது குலுக்கல் முறையில். தன் குழுவில் யார் யார் என்றுகூட மாணவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் காசைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்கே அதிகம் கொடுத்தார்கள். ஓவியத்துக்கே இப்படி என்றால் இன்ஜினுக்குக் கேட்கவா வேண்டும்!

ஆனால் அடையாளம் தெரியாத ஒருவருக்குக் காசு ஒதுக்குவது வேறு, அவருக்காக வண்டியை ஓரங்கட்டுவது வேறு. அந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் லெவைனும் சகாக்களும் நடத்தி, 2005இல் வெளியிட்டது. மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து ரசிகர்களாகப் பார்த்து அழைத்தார்கள். முதலில் அந்த அணியின் மீதுள்ள பற்றைப் பற்றி ஒரு கேள்வித்தாளை நிரப்ப வைத்தார்கள். பிறகு, "அடுத்த பகுதி வேறொரு கட்டிடத்தில், நடந்து போங்கள்" என்று அனுப்பினார்கள். நிஜச் சோதனை வழியில் காத்திருந்தது. ஓடி வந்த ஒருவர் புல்மேட்டில் சறுக்கி விழுந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வலியில் கத்துகிறார். நடிப்புதான். அவர் போட்டிருந்த சட்டையைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தார்கள்: மான்செஸ்டர் யுனைடெட் சட்டை, பரம வைரியான லிவர்பூல் சட்டை, எந்த அணியின் அடையாளமும் இல்லாத சட்டை. தன் அணிச் சட்டைக்காரர் விழுந்தபோது ஏறக்குறைய எல்லோருமே உதவப் போனார்கள். மற்ற இருவருக்கும் உதவியவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு.

இதோடு நிறுத்தியிருந்தால் "மனிதன் இப்படித்தான்" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போயிருப்போம். அவர்கள் இன்னொரு முறை செய்தார்கள். அதே அணி ரசிகர்கள், அதே புல்மேடு, அதே கணுக்கால். கேள்வித்தாளை மட்டும் மாற்றினார்கள். இந்தமுறை அணியைப் பற்றிப் பேச்சில்லை, 'கால்பந்து ரசிகராக இருப்பதில் என்ன சுகம்' என்பதே பேச்சு. இப்போது லிவர்பூல் சட்டைக்காரருக்கும் பெரும்பாலோர் ஓடிப்போய் உதவினார்கள். சில நிமிடம் ஒரு தாளை நிரப்பியதில் வைரி பங்காளியாகிவிட்டார்! அடையாளமில்லாத சட்டைக்காரர் பாவம், அவரைப் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. கோடு அகலமாகியிருந்தது, ஆனால் அவரைத் தொடவில்லை.

மனிதர்கள் மாறவில்லை, 'நாம்' என்ற கோடு விழுந்த இடம் மாறியது. எனக்கு இதை எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. பைக்கர்களின் உறவில் காணும் முரண்பாடு முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. ஒரே பிராண்டுக்காரர்கள் கூடிப் புறப்படும் காலையில் கோடு அந்த பிராண்டைச் சுற்றி விழுகிறது, ஸ்கூட்டர்காரருக்குத் தலையசைப்பு கிடைக்காது. அதே ஆள் கொட்டும் மழையில், இருபுறமும் லாரி சீற, தனியாகப் போகும்போது கோடு விரிகிறது. இரண்டு சக்கரத்தில் நனைபவர் எல்லோரும் உறவுதான். வியாபாரமும் கோடு போடும். ஹார்லி டேவிட்சன் நிறுவனம் தன் வண்டிக்காரர்களுக்கென்றே 1983இல் ஒரு அமைப்பைத் தொடங்கியது.

கோடு அழியும் இடமும் உண்டு. பள்ளிக் குழந்தைகளிடம் "உன்னைப் பற்றிச் சொல்" என்று கேட்டார் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மெக்வயர். தங்களைச் சுற்றி அரிதாக இருக்கும் அம்சத்தைத்தான் அவர்கள் அதிகம் குறிப்பிட்டார்கள். முடியின் நிறம் வகுப்பில் அபூர்வமாக இருந்தால் அதைச் சொன்னார்கள். எல்லோருக்கும் இருப்பது யாருக்கும் அடையாளமாவதில்லை. சாலையை இருசக்கர வண்டிகளே நிறைத்திருக்கும் நகரங்களில் சிக்னலில் நிற்கும் நூறு பேரும் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டா இருக்கிறார்கள்? ஹாரன்தான் அடிக்கிறார்கள். அதே நூறு பேரில் இருவர் ஆளரவமற்ற மலைச்சாலையில் எதிரெதிரே வந்தால் கதை வேறு.

ஆபத்தும் ஒரு பசை. உலக சுகாதார அமைப்பின் 2023 அறிக்கைப்படி சாலை விபத்தில் இறப்பவர்களில் ஐந்தில் ஒருவர் மோட்டார் பொருத்திய இரண்டு, மூன்று சக்கர வண்டியில் போனவர். ஆஸ்திரேலியாவில் பிராக் பாஸ்டியன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஐஸ் தண்ணீரில் ஒன்றாகக் கையை விட்டு வலி தாங்கிய அந்நியர்கள், வலியே இல்லாமல் அதே வேலையைச் செய்தவர்களைவிட நெருக்கமாக உணர்ந்தார்கள். ஆனால் அவர்கள் ஒரே அறையில் சேர்ந்து தாங்கியவர்கள். வேறு வேறு சாலையில் தனித்தனியாக நனைந்தவர்களுக்கு இதை அப்படியே பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

'பைக் ஓட்டினால் மன அழுத்தம் குறையும்' என்ற செய்தி உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கலாம். அழுத்தத்தின் ஹார்மோன் குறியீடு 28 சதவீதம் இறங்கியது என்ற அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஹார்லி டேவிட்சன். ஆய்வு பொய் என்று சொல்லவில்லை. ஆனால் என்ன கேள்வி கேட்பது என்பதைப் பணப்பை முடிவு செய்துவிடுகிறது. வண்டி விற்க உதவாத கேள்விக்கு எந்த நிறுவனம் காசு கொடுக்கும்? பொதுப்பணம் வர வேண்டிய இடம் அது.

மூடநம்பிக்கையைக் கண்டால் எரிச்சல்படுபவன் நான். சாலையில் திரியும் குட்டிப் பிசாசுகளைப் பிடிக்க வண்டியின் அடியில் சின்ன மணி கட்டும் வழக்கம் சில நாட்டுப் பைக்கர்களிடம் இருக்கிறது. மணி எந்தப் பிசாசையும் பிடிக்காது; அந்தக் காசுக்கு டயரின் காற்றைச் சரிபார்க்கலாம். ஆனால் அதிலுள்ள ஒரு விதியை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை: சொந்தக் காசில் வாங்கினால் பலிக்காதாம், இன்னொரு பைக்கர் பரிசாகத் தரவேண்டுமாம்.

சரி, பந்தம் நிஜமா? தலையசைக்கச் செலவில்லை, அதை வைத்து அளக்க முடியாது. ஆய்வுப் பணம் என் கையில் இருந்தால் லெவைனின் புல்மேட்டைச் சாலையோரத்துக்குக் கொண்டுவருவேன். செயின் அறுந்த பெரிய பைக்கோடு ஒருவர், பஞ்சரான ஸ்கூட்டரோடு ஒருவர், பானட்டைத் திறந்து வைத்த காரோடு ஒருவர். கடந்து போகும் பைக்கர்களில் எத்தனை பேர் நிறுத்துகிறார்கள் என்று எண்ணவேண்டும், அதையே மழையிலும் எண்ணவேண்டும். முதலாமவருக்கு வெயிலிலும் ஆள் கிடைக்கும், ஸ்கூட்டர்காரருக்கு மழையில் கிடைக்கும் என்பது என் ஊகம். கார்க்காரர் மெக்கானிக்குக்குப் போன் போட்டுக்கொள்வது நல்லது.