பழைய கேஸ் பைப்பை மாத்துற வேலை, ரோட்டுக்கு அடியில என்ன நடக்குது?

நூறு வருஷத்துக்கு முன்னாடி நகரங்கள்ல புதைச்ச கேஸ் லைன் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஒரு பைப்போட வாய்க்குள்ள அடுத்த பைப்போட நுனியை சொருகி, இடுக்குல சணலைத் திணிச்சு, மேல ஈயத்தை உருக்கி ஊத்தியிருப்பாங்க. அப்ப அதுல போனது நிலக்கரியிலேர்ந்து எடுத்த கேஸ், அதுல ஈரம் இருக்கும், அந்த ஈரத்துல சணல் ஊறிப் பருத்து இடுக்கை நல்லா அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் இயற்கை எரிவாயு வந்துச்சு, பிரிட்டன்ல 1967லேர்ந்து 1977 வரைக்கும் நாடு முழுக்க மாத்துனாங்க, இது காஞ்ச கேஸ், சணல் சுருங்கிருச்சு, ஜாயின்ட்ல எல்லாம் கசிய ஆரம்பிச்சுருச்சு.

பைப்புக்கும் பிரச்சனை இருக்கு. மண்ணுல இருக்குற ஈரத்துல இரும்பு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போய் அதுல கலந்திருக்குற கிராஃபைட்ங்கற கரி மட்டும் மிஞ்சும், பாக்க பைப் முழுசா அப்படியேதான் இருக்கும், ஆனா பக்கத்துல யாராவது பள்ளம் தோண்டி மண் அசைஞ்சா படக்குன்னு உடைஞ்சுரும்.

இப்ப போடுறது பாலிஎத்திலீன் பைப். துருப் பிடிக்காது, வளையும். ரெண்டு நுனியையும் 200 டிகிரிக்கு மேல சூடான தட்டுல வச்சு உருக்கி, தட்டை எடுத்துட்டு அழுத்திப் பிடிச்சா ஆறுனதும் ஒரே பைப்பா ஆயிடும். தூசி, ஈரம் ஒட்டியிருந்தா ஜாயின்ட் சரியா பிடிக்காது, அதனால சுத்தம் பண்றது ரொம்ப ரொம்ப முக்கியம். பிளாஸ்டிக்கை மெட்டல் டிடெக்டர் கண்டுபிடிக்காதுங்கறதால கூடவே ஒரு கம்பியையும் புதைப்பாங்க.

எல்லா இடத்துலயும் ரோடு முழுக்க தோண்டணும்னு இல்ல. பழைய பைப்புக்குள்ளயே சின்ன சைஸ் புது பைப்பை நுழைச்சு இழுத்துருவாங்க. சின்னதா இருந்தா கேஸ் பத்துமான்னு கேட்டா, பிரஷரை ஏத்திட்டா அதே அளவு கேஸ் போகும், ஆனா அப்ப ஒவ்வொரு வீட்டுக்கும் பிரஷரைக் குறைக்கிற ரெகுலேட்டர் வேணும்.

என்னைக் கேட்டா இதுல ரொம்ப பயப்பட வேண்டிய நேரம் பழைய லைன்லேர்ந்து புது லைனுக்கு மாறுற நேரம்தான். 2018 செப்டம்பர் 13, அமெரிக்காவுல மாசச்சூசெட்ஸ் மாநிலத்துல லாரன்ஸ்ங்கற ஊர் பக்கம் நடந்ததைப் பாருங்க. வீடுகளுக்குப் போற லைன்ல அரை பிஎஸ்ஐ (பிரஷரை அளக்குற அலகு) தான் பிரஷர், அதுக்கு கேஸ் குடுக்குற மெயின்ல 75 பிஎஸ்ஐ, நடுவுல ரெகுலேட்டர். அந்த ரெகுலேட்டர் லைன்ல பிரஷர் எவ்வளவுன்னு ஒரு சின்ன குழாய் வழியாத்தான் தெரிஞ்சுக்கும், குறைஞ்சா திறக்கும், கூடுனா மூடும். அந்தக் குழாய் பழைய வார்ப்பிரும்பு லைன்லயே இருந்துச்சு, அதைப் புது லைனுக்கு மாத்தணும்னு வேலைத்திட்டத்துல எழுதவே இல்ல. பழைய லைனை மூடுனதும் அதுல பிரஷர் இறங்கிருச்சு, ரெகுலேட்டர் வீடுகளுக்கு கேஸ் பத்தலன்னு எடுத்துக்கிட்டு முழுசா திறந்துருச்சு, அவ்வளவு கேஸும் வீட்டு அடுப்பு, ஹீட்டர் வழியா பாஞ்சுது. 130 கட்டடத்துக்கு மேல சேதம், ஒரு இளைஞர் செத்துப் போனாரு. வேலை செஞ்சவங்க கையில இருந்த தாள்படிதான் செஞ்சாங்க, தப்பு தாள்லயே இருந்துச்சு, அதுதான் மனசை உறுத்துது.

அந்த வருஷம் முடியறதுக்குள்ளயே மாசச்சூசெட்ஸ்ல சட்டம் போட்டாங்க, பொதுமக்களுக்கு ஆபத்து வரக்கூடிய கேஸ் வேலை எதுவா இருந்தாலும் திட்டத்தை லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் பாத்து ஒப்புதல் குடுத்தே ஆகணும்னு.