அரசுத் தரவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுவதற்கு முன்: உரிமமும் மூலக் குறிப்பும், வடசென்னை உதாரணங்களோடு

தண்டையார்பேட்டையில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும், யாரும் பயன்படுத்தக்கூடிய இணைய வரைபடம்) குறிக்க வேண்டும். நேரில் போய்ப் பெயர்ப்பலகையைப் பார்த்துக் குறித்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதே நிலையத்தை ஓர் அரசு இணையதளத்தில் கிடைத்த எக்செல் பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டால், அந்தப் பட்டியலை எந்த உரிமத்தில் வெளியிட்டார்கள் என்ற கேள்வி வந்துவிடும். கணக்குத் தொடங்கும்போதே, "நான் ஏற்றுவதைப் பகிர எனக்கு உரிமை உண்டு" என்று பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டுதான் உள்ளே வந்திருக்கிறோம். அதனால் பதில் சொல்ல வேண்டியவர் ஏற்றியவரே.

"மக்கள் வரிப்பணத்தில் செய்ததுதானே, எடுத்தால் என்ன?" என்று பலரும் கேட்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அரசுப் படைப்பின் முதல் உரிமையாளர் அரசே. 28-ஆம் பிரிவுப்படி அந்த உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு நிற்கும். 1970-இல் அச்சான ஓர் அரசு வரைபடத்துக்கு 2030 முடியும்வரை உரிமை உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி வாங்கிய பட்டியலும் அப்படித்தான். தகவல் கையில் வந்துவிடும், மறுவெளியீட்டு உரிமை கூடவே வராது.

இந்தப் பூட்டைத் திறக்கத்தான் மத்திய அரசு 2012-இல் தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கையைக் கொண்டுவந்தது. அதை ஒட்டி, 2017 பிப்ரவரியில் 'அரசுத் திறந்த தரவு உரிமம் – இந்தியா' அரசிதழில் வெளியானது. சுருக்கமாக ஜிஓடிஎல். இந்த உரிமத்தில் வந்த தரவை யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், புதிதாக ஒன்று செய்து விற்கவும் செய்யலாம். கட்டணம் கிடையாது. கேட்பது முக்கியமாக இரண்டு: தரவை வெளியிட்டவர், மூலம், உரிமம் ஆகியவற்றைத் தரவுப் பக்கத்தின் முகவரியோடு குறிப்பிட வேண்டும், அரசே இதை அங்கீகரித்தது என்ற தோற்றம் தரக்கூடாது. தனிநபர் விவரங்கள், இலச்சினைகள், பிறருக்கு உரிமையுள்ள தரவு ஆகியவை உரிமத்துக்கு வெளியே. அங்கன்வாடிப் பட்டியலில் பணியாளரின் கைபேசி எண் ஒரு நெடுவரிசையாக இருந்தால், அந்த நெடுவரிசையை நீக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். மேப்புக்கு மையத்தின் இடம் போதும்.

வடசென்னைக்காரர்களுக்கு முக்கியமான சிக்கல் அடுத்தது. ஜிஓடிஎல்லின் வாசகம் இந்திய அரசின் அமைப்புகள் பொதுப் பணத்தில் உருவாக்கிய தரவைப் பற்றிப் பேசுகிறது. நமக்கு அன்றாடம் தேவைப்படுவதோ வார்டு எல்லை, மழைநீர் வடிகால், மாநகராட்சிப் பள்ளி, அம்மா உணவகம், ரேஷன் கடை. இவையெல்லாம் மாநகராட்சியிடமும் சி.எம்.டி.ஏ.யிடமும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மாநிலத் துறைகளிடமும் இருக்கின்றன. அவர்களுடைய தளத்தில் பிடிஎஃப் டவுன்லோட் ஆகிறது என்பதால் ஜிஓடிஎல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. அந்தத் தரவு மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்திலோ அதன் தமிழ்நாட்டுப் பிரிவிலோ இருந்தால், அதே பக்கத்தில் 'ரிலீஸ்டு அண்டர்' என்ற வரியைப் பாருங்கள். வரி இருந்தால் அன்றைய தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பக்கங்கள் காணாமல் போவது உண்டு, தொடர்ந்து வெளியிடுவோம் என்ற உறுதியை உரிமமும் தருவதில்லை. வரியே இல்லையா? எழுதிக் கேட்பதுதான் வழி.

கேட்கும் கடிதத்தில் "உங்கள் தரவைப் பயன்படுத்தலாமா?" என்று மட்டும் எழுதினால் "பயன்படுத்தலாம்" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை வைத்து எதையும் ஏற்ற முடியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு ஓடிபிஎல் என்ற திறந்த தரவுத்தள உரிமத்தில்தான் வெளியாகிறது, அதற்கும் சேர்த்து அனுமதி வேண்டும். வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்: "இன்ன தலைப்பில், இன்ன தேதியில் வெளியான பட்டியலை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்கவும், ஓடிபிஎல் 1.0 உரிமத்தின் கீழ் வணிகப் பயன்பாடு உட்பட யாரும் அதைப் பயன்படுத்தவும், தங்கள் துறையின் பெயரை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் விக்கியின் பங்களிப்பாளர் பக்கத்தில் குறிப்பிடுவதே போதுமானது என்பதற்கும் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை எனத் தெரிவிக்க வேண்டுகிறோம்." 'வணிகப் பயன்பாடு' என்ற சொல்லைப் பார்த்ததும் தயங்குவார்கள். அதற்காக அதை நீக்கிவிடாதீர்கள். அது இல்லாத அனுமதி ஓடிபிஎல்லுக்கு உதவாது. பதில் அலுவலக மின்னஞ்சலிலோ லெட்டர்ஹெட்டிலோ வர வேண்டும். கவுண்டரில் வாயால் சொன்ன "தாராளமா எடுத்துக்கோங்க" கணக்கில் சேராது.

கிரியேட்டிவ் காமன்ஸ் (படைப்புகளைப் பகிர உலகளவில் பயன்படும் பொது உரிமங்கள்) உரிமம் போட்டிருந்தாலும் கவனம் தேவை. வணிகப் பயன்பாட்டைத் தடுப்பது, அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும் என்பது இரண்டும் ஓடிபிஎல்லுக்குப் பொருந்தாது. மூலம் குறிப்பிட்டால் போதும் என்கிற சிசி பை 4.0-க்குக்கூட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை தனியாக ஒரு விலக்குக் கடிதம் கேட்கிறது. மூலக் குறிப்பு எங்கே இருக்கும் என்பதும், டிஜிட்டல் பூட்டுப் போடுவது (நகலெடுப்பதை மென்பொருளால் தடுப்பது) பற்றிய அந்த உரிமத்தின் விதியும் ஓடிபிஎல்லோடு இடிக்கின்றன.

உரிமம் சரி, ஆனால் அட்சரேகை, தீர்க்கரேகை எங்கிருந்து வந்தன? பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான். முகவரிப் பட்டியலை யாரோ கூகுள் மேப்ஸில் தேடி எண்களை நிரப்பியிருந்தால், துறை போட்ட உரிமம் அந்த எண்களைக் காப்பாற்றாது. அடையாளம் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள 5 பள்ளிகளும் சாலையின் நடுவில் ஒரே புள்ளியில் குவிந்திருந்தால், அவை முகவரியை வைத்து மென்பொருள் கணித்த எண்கள். கள ஜிபிஎஸ் எண்கள் இப்படிக் குவியாது, சற்றே சிதறியிருக்கும். சந்தேகம் வந்தால் எண்களை விட்டுவிட்டுப் பெயரையும் முகவரியையும் மட்டும் எடுங்கள், இடத்தை நேரில் போய்க் குறியுங்கள்.

எண்களே தவறாக இருப்பதும் உண்டு. ராயபுரம் ஏறக்குறைய 13.11 வடக்கு, 80.29 கிழக்கு. இந்த இரண்டு எண்களும் இடம் மாறினால் ராயபுரத்து ஆஸ்பத்திரி ஸ்வால்பார்டுக்குப் பக்கத்தில் ஆர்க்டிக் கடலில் மிதக்கும். அதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆபத்தானது தசமத்துக்குப் பின் இரண்டே இலக்கம் உள்ள எண். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அளவுக்குத்தான் துல்லியம் இருக்கும். காசிமேட்டில் அவ்வளவு தள்ளினால் படகுத் துறையைத் தாண்டி நடுக்கடல். ஐந்து இலக்கம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர்.

இனி மூலக் குறிப்பு. அஞ்சல் துறையின் பின்கோடு பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஜிஓடிஎல் கேட்கும் வரிசையில் எழுதினால் இப்படி வரும்:

அஞ்சல் துறை, (வெளியான ஆண்டு), அனைத்திந்திய பின்கோடு விவரத் தொகுப்பு, திறந்த அரசுத் தரவுத் தளம், (வெளியிட்ட நாள்/மாதம்/ஆண்டு), (தரவுப் பக்கத்தின் முழு முகவரி). உரிமம்: அரசுத் திறந்த தரவு உரிமம் – இந்தியா, (உரிமப் பக்கத்தின் முகவரி).

தளத்தின் முகப்பு முகவரியைப் போட்டால் போதாது, அந்தக் குறிப்பிட்ட தரவின் பக்கமே வேண்டும். இந்த வரியை மேப்பில் ஒவ்வொரு புள்ளியிலும் ஒட்ட வேண்டுமா? வேண்டாம். பல தரவுகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறவர்கள், எல்லா மூலங்களையும் வேறொரு பக்கத்தில் பட்டியலிட்டு அதற்கு இணைப்புத் தரலாம் என்று ஜிஓடிஎல்லே அனுமதிக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் விக்கியின் பங்களிப்பாளர் பக்கம் அதற்கானதுதான். முழு வரி அங்கே. சேஞ்ச்செட்டின் (ஒரே முறையில் சேமிக்கும் திருத்தங்களின் தொகுப்பு) சோர்ஸ் டேக்கில் (மூலத்தை எழுதும் இடம்) துறையும் தரவின் பெயரும். இறக்குமதித் திட்டத்தின் விக்கி பக்கத்தில் உரிம ஆதாரம், ஸ்கிரீன்ஷாட், கடிதம். கடிதத்தில் அதிகாரியின் கைபேசி எண் இருந்தால் மறைத்துவிட்டு ஏற்றுங்கள்.

மொத்தமாக ஏற்றுவதென்றால் இந்தியக் குழுவிலும் இறக்குமதிக் குழுவிலும் முன்கூட்டியே அறிவித்து, தனிக் கணக்கு தொடங்கி, அதிலிருந்துதான் ஏற்ற வேண்டும். உரிமம் பொருந்துகிறதா என்று தனியாக முடிவுகட்டாமல் அங்கேயே கேட்டுத் தெளிவது நல்லது. கேட்காமல் ஏற்றிப் பிறகு சிக்கல் வந்தால், அறக்கட்டளையின் தரவுப் பணிக்குழு அந்த சேஞ்ச்செட்டுகளை வரலாற்றோடு சேர்த்து மறைத்துவிடும். அதே புள்ளியில் மற்றவர்கள் பின்னால் சேர்த்த உழைப்பும் கூடவே போகும்.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசுப் பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதை மென்பொருளில் தள்ளித் தமிழாக்கினால் தண்டையார்பேட்டை 'டொண்டியார்பெட்' ஆகிவிடும், வண்ணாரப்பேட்டை 'வாஷர்மென்பெட்' ஆகிவிடும். தமிழ்ப் பெயர் டேக்கைப் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கையால் நிரப்புங்கள். அதற்கு எந்த உரிமமும் தேவையில்லை.

வார்டு எல்லைக்கு ஒரு நேர்வழி இருக்கிறது. அரசிதழில் வெளியான விஷயத்தை மறுவெளியீடு செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 52-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டங்களின் வாசகத்துக்கு மட்டும் தனி நிபந்தனை. வார்டு மறுவரையறை அறிவிக்கையில் எல்லை தெருத்தெருவாக வாசகத்தில் இருந்தால், அதைப் படித்து ஏற்கெனவே மேப்பில் இருக்கும் தெருக்களின் மேலேயே கோட்டை இழுக்கலாம். யாரோ செய்த ஷேப்ஃபைல் (எல்லைக் கோடுகள் கொண்ட வரைபடக் கோப்பு) வேண்டாம். 2011-இல் 155 வார்டு 200 ஆனதும் எண்கள் அடியோடு மாறின. பழைய அறிவிக்கையை எடுத்துவிட்டால் வார்டு எண் முழுக்கத் தவறும். அரசிதழின் எண்ணையும் தேதியையும் சோர்ஸில் எழுதிவிடுங்கள்.

மேப்பிலிருந்து வெளியே எடுக்கும்போதும் கணக்கு உண்டு. எண்ணூர் வெள்ளப் பகுதியை ஃப்ளெக்ஸில் அச்சடித்தால் ஓரத்தில் "© ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்" என்று படிக்கிற அளவில் இருக்க வேண்டும், மேலே அரசுத் தரவு போட்டிருந்தால் அந்தத் துறையின் வரியும் பக்கத்தில் வர வேண்டும். ஆனால் மாநகராட்சி இலச்சினையைப் போடாதீர்கள். மேப்பின் கட்டடங்களையே அரசுப் பட்டியலோடு பிணைத்துப் புதுத் தரவுத்தளம் செய்து வெளியிட்டால், அதையும் ஓடிபிஎல்லில் தர வேண்டும். ஜிஓடிஎல் அதற்குக் குறுக்கே நிற்காது.