காற்று பட்டாலே கன்னம் வலிப்பது ஏன்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கொழுந்து பறிக்கும் அவருடைய அம்மாவுக்குக் குளிர்காற்று பட்டதும் வலது கன்னத்தில் கரண்ட் அடித்தது போல வலிக்கிறதாம். சில விநாடியில் நின்றுவிடுகிறது. பல் துலக்கினாலும் தேத்தண்ணி குடித்தாலும் மறுபடி வருகிறது. இரண்டு பல்லைப் பிடுங்கியும் குறையவில்லை.

சொத்தைப்பல், சைனஸ், தாடை மூட்டு எல்லாமே முகத்தை நோகவைக்கும். ஆனால் லேசாகத் தொட்டதும் பாய்ந்து, விநாடிகளில் அடங்குகிற வலி என்றால் ட்ரைஜெமினல் நியூரால்ஜியாவா என்று பார்க்க வேண்டும். மூளையிலிருந்து வரும் 5ஆவது நரம்பின் நோய் அது. நெற்றி, கன்னம், தாடை மூன்றுக்கும் உணர்ச்சி தருவது அந்த நரம்புதான்.

சரி, தொடுகை எப்படி வலியாகிறது? அந்த நரம்புக்குள் தொடுகைக்குத் தனி இழைகள், வலிக்குத் தனி இழைகள். பல இழைகளுக்கு மயலின் என்ற கொழுப்புறை உண்டு. நரம்பு மூளைத்தண்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் சாய்ந்து, ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் இடித்துக்கொண்டே இருந்தால் அந்த உறை தேய்ந்துபோகும். தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், நடுச்சுவர் மெலிந்தால் ஒரு காம்பராப் பேச்சு அடுத்த காம்பராவில் கேட்குமல்லவா? அப்படித்தான் தொடுகை இழையில் ஓடும் மின்துடிப்பு பக்கத்து வலி இழைக்குத் தாவுகிறது. கன்னத்தில் காயமே இல்லை. மூளைக்குப் போய்ச் சேருவது மட்டும் கடும் வலி. இன்னொன்றும் உண்டு: பலருக்கு ஒருமுறை வெட்டியிழுத்தபின் கொஞ்ச நேரம் அதே இடத்தைத் தொட்டாலும் வலிக்காது. துடித்து முடித்த இழைகள் களைத்துக் கிடக்கும் இடைவெளி அது. எனக்கு இந்த நோயில் மிகவும் வியப்பானது இதுதான்.

ரத்தக்குழாய் அழுத்துவதை மூளை அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி 1934இல் எழுதினார். 1960களில் அதே துறை மருத்துவர் பீட்டர் ஜனெட்டா குழாயை நகர்த்திவைக்கும் அறுவையை வளர்த்தெடுத்தார்; இன்று இடையில் டெஃப்லான் பஞ்சு வைக்கிறார்கள். முதலில் கொடுக்கும் மருந்து கார்பமசெபைன் என்ற வலிப்பு நோய் மாத்திரை. அளவுக்கு மீறித் துடிக்கும் இழைகளில், சோடியம் உள்ளே புகுந்து மின்துடிப்பைக் கிளப்பும் வாயில்களை அது அடைக்கும். டாக்டர் சொன்ன அளவில்தான் எடுக்க வேண்டும். தோலில் தடிப்பு வந்தால் உடனே காட்ட வேண்டும்.

உயிரைக் கொல்லாத நோய் என்பதால் வலி ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கத் தயங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. காத்துக்கருப்பு என்று நூல் கட்டி மாதங்களைக் கடத்துவதும் அப்படித்தான். இன்னொரு பல்லைப் பிடுங்கும் முன் அம்மாவை நரம்பியல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். எதைத் தொட்டால் வருகிறது, எத்தனை விநாடி நிற்கிறது, முகம் மரத்துப் போகிறதா என்று எழுதிக்கொண்டு போங்கள். நோயைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அந்தப் பேச்சிலிருந்துதான், ஸ்கேன் அப்புறம்.